போதிய அளவு படிக்கவில்லையே என்ற குற்ற உணர்வும் தேர்வுக் கவலையும்: மாணவர்களுக்கும் குடும்பத்தினருக்கும் விளக்கம்

உடனடிக் கவனத்திற்கு

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இப்போது உங்களுக்கு இருக்குமானால், இப்பக்கத்தை முழுவதும் படித்து முடிக்கக் காத்திருக்க வேண்டாம். வீட்டில் உள்ள ஒருவரை அருகில் அழைத்து அவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணையோ 104 என்ற மருத்துவ உதவி எண்ணையோ அழையுங்கள். உயிருக்கு ஆபத்தான நிலையெனில் 108 ஆம்புலன்சை அழையுங்கள்.

பொது விளக்கம்

தேர்வு நெருங்கும்போது "இன்னும் படித்திருக்க வேண்டுமே" என்று மனம் உறுத்துவது பரவலான அனுபவமாகும். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மாணவர்கள் மட்டுமன்றி, நீட் தேர்வுக்குப் பயில்வோர், கல்லூரி மாணவர்கள், வேலைக்குச் சென்றுகொண்டே டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்கு ஆயத்தமாவோர் ஆகியோரும் இதனை உணர்கின்றனர். இவ்வுறுத்தல் நோயன்று. ஓரளவு கவலை, புத்தகத்தை எடுக்கத் தூண்டும். ஆயினும் அது நாள்தோறும் நீடித்து, உறக்கத்தையும் உணவையும் கெடுத்து, புத்தகத்தைத் தொடவே இயலாத நிலைக்குத் தள்ளுமானால், அது கவனிக்கப்பட வேண்டிய நலக்குறைவாகும்.

திண்டுக்கல் நகரிலும் அதனைச் சுற்றியுள்ள சமவெளிப் பகுதிகளிலும் வாழும் மாணவர்களையும் அவர்தம் குடும்பத்தினரையும் மனத்திற்கொண்டு இவ்விளக்கம் எழுதப்பட்டுள்ளது. இதில் கூறப்படும் வழிமுறைகள் பிற மாவட்டத்தினருக்கும் பொருந்தும்.

குற்ற உணர்வும் கவலையும்

இவ்விரண்டும் ஒன்றாகவே தோன்றினாலும் தன்மையில் வேறானவை. குற்ற உணர்வு கடந்த காலத்தைப் பற்றியது: "காலாண்டு விடுமுறையை வீணாக்கிவிட்டேன்", "அம்மா கடன் வாங்கிக் கட்டணம் கட்டினார், நான் கைப்பேசியில் இருந்தேன்". கவலை வருங்காலத்தைப் பற்றியது: "தேர்ச்சி பெறாவிட்டால் என்ன ஆகும்?", "ஊரார் முகத்தில் எப்படி விழிப்பேன்?"

மூன்றாவதாக அவமான உணர்வு ஒன்றுண்டு. "நான் படிக்கவில்லை" என்பது செயலைக் குறித்த குற்ற உணர்வு. "நான் எதற்கும் உதவாதவன்" என்பது தன்னையே குறித்த அவமான உணர்வு. செயலைத் திருத்திக்கொள்ள வழியுண்டு என்பதால் முதலாவதை எளிதில் கையாளலாம். இரண்டாவது மனிதரை முடக்கிவிடும். உங்கள் மனத்தில் ஓடும் சொற்கள் இவற்றுள் எவ்வகையைச் சார்ந்தவை என்று கவனிப்பதே முதற்படியாகும்.

இச்சுழல் உருவாகும் விதம்

படிக்க அமரும்போது மனத்தில் உறுத்தல் எழுகிறது. அவ்வுறுத்தலைத் தாங்க இயலாமல் புத்தகத்தை மூடுகிறோம், கைப்பேசியை எடுக்கிறோம், அல்லது உறங்கிவிடுகிறோம். அந்நேரத்திற்கு மனம் இலேசாகிறது. ஆனால் இழந்த நேரத்தை எண்ணும்போது உறுத்தல் முன்னிலும் பெரிதாகி வருகிறது. மறுநாள் புத்தகத்தைத் திறப்பது மேலும் கடினமாகிறது. வெளியிலிருந்து காண்போருக்கு இது சோம்பலாகத் தெரியும். உண்மையில் பல நேரங்களில் இது வலியைத் தவிர்க்கும் முயற்சியாகும்.

கனடாவில் நடத்தப்பட்டு, இதைத் தெளிவாக்கும் ஆய்வொன்று 2010-இல் வெளியானது. முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்ட கல்லூரி முதலாண்டு மாணவர்களுள், அதற்காகத் தம்மைத் தாமே மன்னித்துக்கொண்டவர்கள், அடுத்த தேர்வுக்குப் படிப்பதைக் குறைவாகவே தள்ளிப்போட்டனர். தம்மைக் கடுமையாகத் திட்டிக்கொண்டால்தான் திருந்துவோம் என்ற பொது நம்பிக்கைக்கு இது மாறானது. மன்னித்தல் என்பது தவற்றை மறுப்பதன்று. "தள்ளிப்போட்டது உண்மை, அது முடிந்தது, இன்று மாலை ஆறு மணிக்கு முதற்பாடத்தை எடுக்கிறேன்" என்று கூறி மேற்செல்வதேயாகும்.

நம் பகுதிச் சூழல்

படிப்புக்குக் கிடைக்கும் நேரம் எல்லா வீடுகளிலும் ஒன்றன்று. நிலக்கோட்டைப் பகுதியில் விடியுமுன் பூப்பறிக்கச் செல்லும் குடும்பங்கள் உள்ளன. வேடசந்தூர்ப் பகுதியில் நூற்பாலைகளில் முறைப்பணி செய்யும் பெற்றோர் பலர். இரவுப் பணி நாள்களில் தம்பி தங்கையரைக் கவனிக்கும் பொறுப்பு மூத்த பிள்ளைக்கு வருகிறது. சின்னாளபட்டித் தறி வீடுகளிலும், ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையை நம்பி வாழும் வீடுகளிலும் பிள்ளைகள் கைவேலைக்கு உதவுகின்றனர். இத்தகைய வீட்டு மாணவர் ஒருவர், விடுதியில் தங்கி நாள் முழுவதும் படிப்பவரோடு தம் நேரத்தை ஒப்பிட்டுக் குற்ற உணர்வு கொள்வது நியாயமன்று. உழைத்த நேரம் வீணான நேரமும் அன்று.

திருவிழாக் காலமும் இதில் சேர்கிறது. திண்டுக்கல் கோட்டை மாரியம்மன் கோயில் மாசித் திருவிழா, பொதுத் தேர்வுக்கு முந்தைய வாரங்களை ஒட்டி வருகிறது. உறவினர் வருகை, ஒலிபெருக்கி, இரவு ஊர்வலம் ஆகியவற்றால் சில நாள்கள் படிப்புத் தடைப்படலாம். இதனை முன்கூட்டியே கணக்கிற்கொண்டு, ஒரு மாலையைத் திருவிழாவுக்கென்றே ஒதுக்கிவிடுவது நல்லது. திட்டமிட்டுப் பெறும் ஓய்வு உறுத்துவதில்லை. ஒளிந்து பெறும் ஓய்வே உறுத்தும்.

ஒப்பீடு மற்றொரு காரணமாகும். 2023-ஆம் ஆண்டு பிளஸ் டூ தேர்வில் திண்டுக்கல்லைச் சேர்ந்த, தச்சுத் தொழிலாளி ஒருவரின் மகள் 600-க்கு 600 மதிப்பெண் பெற்றார். மாவட்டமே பெருமைகொண்ட வெற்றி அது. எளிய வீட்டுப் பிள்ளைக்கும் உயரம் எட்டும் என்பதற்கு அதனை எடுத்துக்காட்டலாம். "அந்தப் பிள்ளையால் முடிந்தது, உன்னால் ஏன் முடியவில்லை?" என்று கேட்கும்போது அதே வெற்றி மற்றொரு பிள்ளைக்குச் சுமையாகிறது. மதிப்பெண் போட்டியின் அழுத்தத்தைக் குறைக்கவே, தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை 2017-இல் பொதுத் தேர்வுகளுக்கு மாநில, மாவட்ட முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தைக் கைவிட்டது. அவ்வழக்கத்தை வீட்டுக்குள் தொடர வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

உடலில்: உறக்கம் வராமை அல்லது அளவுக்கு மீறிய உறக்கம், தலைவலி, வயிற்று வலி, தேர்வு நாளன்று வாந்தி அல்லது வயிற்றுப்போக்கு, நெஞ்சுப் படபடப்பு, கை வியர்த்தல்.

மனத்தில்: படித்தது நினைவில் நில்லாமை, எரிச்சல், காரணமின்றி அழுகை, தன்னைத் தானே இழித்துப் பேசுதல், பிடித்தவற்றில் நாட்டமின்மை.

நடத்தையில்: மதிப்பெண் பட்டியலை மறைத்தல், திருப்புதல் தேர்வு நாள்களில் பள்ளிக்குச் செல்ல மறுத்தல், நண்பர்களைத் தவிர்த்தல், இரவு முழுவதும் கைப்பேசியில் மூழ்குதல், உணவைத் தவிர்த்தல்.

நீங்களே செய்யக்கூடியவை

1. மீதமுள்ளதை எழுதிப் பாருங்கள். "எதுவுமே படிக்கவில்லை" என்பது பெரும்பாலும் உண்மையாக இருப்பதில்லை. ஒரு தாளில் பாடங்களை எழுதி, நன்கு தெரிந்தவை, ஓரளவு தெரிந்தவை, தொடாதவை என மூன்றாகப் பிரியுங்கள். தேர்வுக்கு எத்தனை நாள் உள்ளது, வீட்டு வேலை போக ஒரு நாளில் எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்பதையும் எழுதுங்கள். மனத்தில் எல்லையற்றதாகத் தோன்றிய சுமை, தாளில் எழுதியதும் எண்ணக்கூடியதாகிவிடும்.

2. ஓரளவு தெரிந்தவற்றில் தொடங்குங்கள். தொடாத பாடத்தில் முதலில் கைவைத்தால் மனம் மீண்டும் தளரும். சிறிது தெரிந்த பாடம் விரைவில் கைவசமாகும். அது அடுத்ததற்குத் துணிவு தரும். தேர்ச்சியே ஐயமாக உள்ள பாடத்தில், 35 மதிப்பெண்ணை உறுதி செய்யும் பகுதிகளை முதலில் தேர்ந்தெடுத்துத் தருமாறு ஆசிரியரைக் கேளுங்கள். அவ்வாறு கேட்பதில் இழிவேதும் இல்லை.

3. சிறு கால அளவாகப் படியுங்கள். இருபத்தைந்து நிமிடம் படித்து ஐந்து நிமிடம் எழுந்து நடங்கள். அமரவே மனமில்லையெனில் பத்து நிமிடம் மட்டும் என்று தொடங்குங்கள். தொடக்கமே கடினமானது, தொடங்கிய பின் உறுத்தல் பெரும்பாலும் தணிந்துவிடும். அந்நேரத்தில் கைப்பேசியை வேறு அறையில் வையுங்கள்.

4. புத்தகத்தை மூடிவிட்டு நினைவுகூருங்கள். 2006-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடத்திற்குப் பின் நன்றாக நினைவுகூர்ந்தனர். ஒரு வாரத்திற்குப் பின் சோதித்தபோது, படித்துவிட்டுத் தாமே எழுதிப் பார்த்தவர்களே முந்தினர். ஆகவே ஒரு வினாவைப் படித்ததும் புத்தகத்தை மூடி, நினைவில் உள்ளதை எழுதிப் பாருங்கள். குறைந்த நேரமே உள்ளவர்களுக்கு இம்முறை மிகவும் பயன்படும்.

5. மறப்பதற்காக வருந்தாதீர்கள். கற்றவற்றில் பெரும்பகுதி முதல் நாளிலேயே மங்கி, பின்னர் மறதி மெதுவாகிறது என்று எர்மன் எபிங்காஸ் என்ற செர்மானிய அறிஞர் 1885-இலேயே தம்மைத் தாமே சோதித்துக் காட்டினார். மறப்பது மூளையின் இயல்பாகும். மறுநாள் ஒரு முறை, மூன்றாம் நாள் ஒரு முறை, அடுத்த வாரம் ஒரு முறை எனத் திருப்பிப் பார்த்தால் நினைவு உறுதிப்படும்.

6. உறக்கத்தைக் குறைக்காதீர்கள். பதின்பருவத்தினருக்கு நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் பரிந்துரைக்கப்படுகிறது. படித்தவை நினைவில் படிவது உறக்கத்தின்போதும் நடைபெறுகிறது. குற்ற உணர்வினால் இரவு இரண்டு மணி வரை விழித்திருப்பது, படித்ததையும் இழக்கச் செய்யும். மாலைக்குப் பின் காபி, தேநீர் ஆகியவற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். விழித்திருப்பதற்கோ உறங்குவதற்கோ மருந்துக் கடையில் தாமாக மாத்திரை வாங்கி உண்ணுதல் கூடாது.

7. கவலையை எழுதிவிடுங்கள். தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிடம் தம் அச்சங்களை ஒளிவின்றி எழுதிய மாணவர்களுள், தேர்வுப் பதற்றம் மிகுந்தோர் மேம்பட்ட மதிப்பெண் பெற்றதாக 2011-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. எழுதிய தாளை யாரிடமும் காட்ட வேண்டியதில்லை, கிழித்துவிடலாம்.

8. ஒருவரிடமாவது உண்மையைச் சொல்லுங்கள். மறைத்து வைத்த மதிப்பெண்ணும், போகாத டியூஷன் வகுப்பும் நாளுக்கு நாள் பாரமாகும். பெற்றோரிடம் நேரே சொல்ல இயலாவிடில், ஆசிரியர், அக்கா, மாமா, சித்தி என உங்களுக்கு நெருக்கமான ஒருவரிடம் முதலில் சொல்லி, அவரையே வீட்டில் பேசச் செய்யலாம்.

பெற்றோரும் பாதுகாவலரும் அறிய வேண்டியவை

உங்கள் உழைப்பைப் பிள்ளை அறிவார். குற்ற உணர்வு கொள்ளும் பிள்ளைக்கு "உனக்காகத்தானே இவ்வளவு பாடுபடுகிறோம்" என்ற சொல் ஊக்கமாகச் சென்று சேர்வதில்லை. பட்ட கடனைத் தீர்க்க இயலாதவர் கடன்காரரைக் கண்டு ஒளிவதுபோல், பிள்ளை உங்களைக் கண்டு ஒளியத் தொடங்குவார்.

"படித்தாயா?" என்ற வினாவுக்கு மாறாக, "இன்று எது கடினமாக இருந்தது?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை பொறுத்திருங்கள். அறிவுரை கூறுமுன் கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கள்: "கணக்கைத் தொட்டாலே பயமாக இருக்கிறது என்கிறாய், அப்படித்தானே?" மதிப்பெண்ணைப் பற்றிய பேச்சை உணவு வேளையில் தவிருங்கள். உறவினர் முன்னிலையில் ஒப்பிட்டுப் பேசாதீர்கள். தேர்வு மாதத்தில் வீட்டு வேலையையோ தறி வேலையையோ சிறிது குறைக்க இயலுமானால், அதனை முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். முழுவதும் விலக்க இயலாவிடினும், நாள்தோறும் மாறாத இரண்டு மணி நேரம் பிள்ளைக்குப் பெரும் உதவியாகும்.

பிள்ளையின் மனநிலை குறித்து ஐயம் இருக்குமானால், வயலுக்கு அடிக்கும் பூச்சிக்கொல்லிகள், எலி மருந்து, பெரியவர்களின் மாத்திரைகள் ஆகியவற்றை வீட்டில் எளிதில் எட்டும் இடத்தில் வைக்காமல் பூட்டி வையுங்கள். துயரம் உச்சத்தை எட்டும் நேரம் பல வேளைகளில் குறுகியது. அந்நேரத்தில் ஆபத்தான பொருள் கைக்கு எட்டாதிருப்பது உயிரைக் காக்கும். தேர்வு முடிவு வெளியாகும் நாளில் பிள்ளையைத் தனியே விடாதீர்கள்.

உடல்நலக் காரணங்களும் இருக்கலாம்

"சோம்பல்" என்று எண்ணப்படுவது சில நேரங்களில் நோயாக இருக்கக்கூடும். இரத்தசோகை உள்ள மாணவி விரைவில் களைப்படைவார், கவனம் நிற்காது. தைராய்டு குறைபாடு, பார்வைக் குறைபாடு, மனச்சோர்வு நோய், கவனக்குறைவு மற்றும் மிகைச் செயல்பாடு ஆகியவையும் படிப்பைப் பாதிக்கும். சிறுவயது முதலே எழுத்துக்கூட்டிப் படிப்பதிலோ கணக்கிலோ மிகுந்த இடர்ப்பாடு இருப்பின் கற்றல் குறைபாடு உள்ளதா என்று பரிசோதிக்க வேண்டும். உறுதி செய்யப்பட்டால், மருத்துவச் சான்றுடன் பள்ளி வழியாக விண்ணப்பித்து, பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் முதலிய சலுகைகளைப் பெறலாம். தேர்வுக் காலம் வரை காத்திராமல் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே இதனைச் செய்தல் நலம்.

மருத்துவரை எப்போது காண வேண்டும்?

மேற்கூறிய அறிகுறிகள் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், பள்ளிக்கோ வேலைக்கோ செல்ல இயலாமற்போனால், உண்பதும் உறங்குவதும் கெட்டால், அல்லது பதற்றத்தினால் மூச்சுத்திணறலும் நெஞ்சுப் படபடப்பும் அடிக்கடி வந்தால் மருத்துவரை அணுக வேண்டும்.

"நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி" என்பது போன்ற பேச்சு, தம் பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல், விடைபெறுவது போன்ற செய்தி, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளுதல் ஆகியவை உடனடி உதவி தேவை என்பதற்கான அடையாளங்கள். "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாக உண்டாவதில்லை. பேச ஒரு வழி திறக்கிறது.

சிகிச்சை முறைகள்

பெரும்பாலோருக்கு உளவியல் ஆலோசனையே போதுமானது. எண்ணங்களையும் பழக்கங்களையும் சிறிது சிறிதாக மாற்றும் பயிற்சி, மூச்சுப் பயிற்சி, படிப்பு நேரத்தை ஒழுங்குபடுத்துதல் ஆகியவை அதில் அடங்கும். மனச்சோர்வோ கடும் பதற்ற நோயோ இருப்பின் மனநல மருத்துவர் மருந்து பரிந்துரைக்கலாம். மனச்சோர்வுக்கான மருந்துகள் பலன் தரச் சில வாரங்கள் ஆகும். மருத்துவரைக் கேளாமல் இடையில் நிறுத்தக் கூடாது.

உதவி கிடைக்கும் இடங்கள்

14416: டெலி மானஸ் மனநல உதவி எண். தமிழிலும் பேசலாம். கட்டணமில்லை, இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது.

104: தமிழ்நாடு அரசின் மருத்துவ ஆலோசனை எண். தேர்வுக் காலத்திலும் முடிவுகள் வெளியாகும் நாள்களிலும் மாணவர்களுக்கு ஆலோசனை வழங்கப்படுகிறது.

14417: பள்ளிக் கல்வித் துறையின் வழிகாட்டி எண். தேர்வு, மேற்படிப்பு குறித்த ஐயங்களுக்கு அழைக்கலாம்.

1098: பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கான குழந்தைகள் உதவி எண். வீட்டிலோ விடுதியிலோ பள்ளியிலோ அடி, மிரட்டல் முதலியன இருப்பின் அழைக்கலாம்.

நேரில் செல்ல விரும்புவோர் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம். வட்டார அளவில், மாவட்ட மனநலத் திட்டக் குழுவினர் எந்நாளில் வருவர் என்பதை அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் கேட்டறியலாம்.

அடிக்கடி கேட்கப்படும் வினாக்கள்

தேர்வுக்குப் பத்து நாள்களே உள்ளன. இனிப் படித்துப் பயனுண்டா?

உண்டு. முழுப் பாடத்தையும் முடிக்க முயலாமல், ஓரளவு தெரிந்தவற்றை உறுதிப்படுத்துங்கள். முந்தைய ஆண்டு வினாத்தாள்களை எழுதிப் பாருங்கள். பத்து நாள்களில் கற்பது குறைவாக இருக்கலாம்; வீணாகாது.

தேர்ச்சி பெறாவிட்டால் ஓராண்டு போய்விடுமா?

போய்விடாது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பொதுத் தேர்வில் தவறியவர்களுக்கு அதே ஆண்டில் துணைத் தேர்வு நடத்தப்படுகிறது. தொழிற்பயிற்சி நிலையம், பாலிடெக்னிக் முதலிய வழிகளும் உள்ளன.

மனநல மருத்துவரைக் கண்டால் ஊரில் தெரிந்துவிடுமா?

நோயாளியின் விவரங்களைக் காக்க வேண்டியது மருத்துவர்களின் கடமை என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது. பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் சிகிச்சையில் பெற்றோர் அல்லது பாதுகாவலர் பங்குகொள்வர்.

உயிரை மாய்க்க முயன்ற பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டுசென்றால் வழக்கு வருமா?

இவ்வச்சத்தினால் சிலர் நேரத்தை இழக்கின்றனர். அவ்வாறு முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், அவரைத் தண்டிக்கலாகாது என்று அதே சட்டத்தின் 115-ஆம் பிரிவு கூறுகிறது. ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். என்ன உட்கொண்டார் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பிள்ளை நலமாகத் தெரிந்தாலும் வீட்டிலேயே வைத்திருக்க வேண்டாம்.

நினைவிற்கொள்க

படிக்காமற்போன நாள்களைத் திரும்பப் பெற இயலாது. ஆனால் அவற்றுக்காக வருந்திக்கொண்டே இன்றைய மாலையையும் இழக்க வேண்டியதில்லை. இன்று ஒரு பாடம், ஒருவரிடம் ஓர் உண்மை, இரவில் போதிய உறக்கம்: தொடங்குவதற்கு இம்மூன்றும் போதும். அதுவும் இயலவில்லையெனில் உதவியை நாடுங்கள்.